பேக்கேஜ் தொகை பாதிதான். காப்பீட்டுத் திட்டத்தில் சேரலாமா?

கேள்வி: தாலுகா ஊர் ஒன்றில் 30 படுக்கை மருத்துவமனை நடத்தும் பொது அறுவை மருத்துவர் நான். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் சேரச் சொல்கிறார்கள். நான் வழக்கமாக வாங்குவதில் பாதிதான் பேக்கேஜ் தொகை (ஒரு சிகிச்சைக்கு மொத்தமாகத் திட்டம் தரும் தொகை) வருகிறது. ஏற்கலாமா?

ஏற்கலாம் டாக்டர். ஆனால் கையிலிருந்து பணம் கட்டுகிறவருக்கு வைக்கும் அதே மெஷ் (ஹெர்னியா ஆபரேஷனில் உள்ளே வைக்கும் வலை), அதே மயக்க மருத்துவர், அதே ராத்திரி ரவுண்ட்ஸ் திட்ட நோயாளிக்கும் கிடைக்க வேண்டும். அந்தத் தொகையில் அது நடக்காது என்றால் கையெழுத்துப் போடாதீர்கள்.

நடக்குமா என்பதைக் கணக்குப் போட்டால்தான் தெரியும். ஒரு ஹெர்னியா ஆபரேஷனுக்கு 20,000 ரூபாய் பேக்கேஜ் என்று வைத்துக்கொள்வோம். (எண்கள் உதாரணத்துக்குத்தான், உங்கள் பில் புத்தகத்தில் இருப்பதைப் போட்டுப் பாருங்கள்.) மெஷ் 2,500, மயக்க மருத்துவர் 3,500, தையல் நூல், கையுறை, தியேட்டர் சாமான்கள் 3,000, மருந்து 1,500, பரிசோதனை 800, சாப்பாடு, சலவை, மருத்துவக் கழிவு 700. ஆக, 12,000 அந்த நோயாளிக்கென்றே கையை விட்டுப் போகிறது. மிச்சம் 8,000.

சம்பளம், வாடகை, மின்சாரம் என்று மாதம் 9 லட்சம் ஆகிறது, படுக்கையில் பாதிதான் நிரம்புகிறது என்றால், நிரம்பிய ஒரு படுக்கைக்கு நாளொன்றுக்கு 2,000 விழும். இரண்டு நாள் இருந்து போனால் 4,000 போக, உங்கள் கைக்கு 4,000 நிற்கும். ஆபரேஷன் செய்த இடத்தில் நீர் சேர்ந்து (செரோமா) நான்கு நாள் இருந்தால் ஒன்றும் நிற்காது. ஆனாலும் அந்த 9 லட்சம் படுக்கை காலியாகக் கிடந்தாலும் செலவாகிற பணம். முக்கால்வாசி நிரம்பினால் 2,000 என்பது சுமார் 1,333 ஆக இறங்கிவிடும். அதனால்தான் பாதி காலியாக இருக்கும் மருத்துவமனைக்குக் குறைந்த கட்டணம் கட்டுப்படியாகிறது. ஏற்கெனவே நிரம்பி வழியும் இடத்துக்குக் கட்டாது. அங்கே ஒவ்வொரு திட்ட நோயாளியும் முழுக் கட்டணப் படுக்கை ஒன்றை எடுத்துக்கொள்வார். நீங்களும் அவரைச் சுமையாகப் பார்க்க ஆரம்பிப்பீர்கள்.

பலர் மாட்டிக்கொள்வது லாப நஷ்டத்தில் அல்ல, கைப்பணத்தில். மாதம் 20 கேஸ், பணம் வர மூன்று மாதம் என்றால் 60 ஆபரேஷனுக்கான 7,20,000 ரூபாயை நீங்கள் முன்கூட்டியே போட்டிருப்பீர்கள். வரும்போதும் 10 சதவீத வரிப் பிடித்தம் போக, ஒரு கேஸுக்கு 18,000தான் வரும். பிடித்ததை வருமான வரிக் கணக்கில் ஈடுகட்டலாம், ஆனால் அதற்கும் காத்திருக்க வேண்டும். அந்த அளவு பணம் ஒதுக்கி வைக்காமல் தொடங்க வேண்டாம்.

கிளைம் தள்ளுபடியாவது பெரும்பாலும் சின்னச் சின்னப் பிழைகளால்தான். ஸ்கேன் ரிப்போர்ட்டில் 'வலது', ஆபரேஷன் குறிப்பில் 'இடது'. பழைய கேஸ் ஷீட்டைக் காப்பி அடித்துப் போட்டதால் வரும் வினை இது. மெஷ் டப்பாவிலிருக்கும் ஸ்டிக்கரை உரித்து அன்றே கேஸ் ஷீட்டில் ஒட்டச் சொல்லுங்கள். கூடுதல் நாள் தேவைப்பட்டால், அந்த நாள் வருவதற்குள் அனுமதி கேளுங்கள். இதற்கென்றே ஓர் ஆளை வையுங்கள். நர்ஸ் தலையில் கட்டாதீர்கள்.

இனி முக்கியமானது. "ஆபரேஷன் இலவசம்தான், நல்ல மெஷ்ஷுக்கு மட்டும் எட்டாயிரம் கட்டிடுங்க" என்று பில் கவுன்டரில் யாரோ சொல்வார்கள். நோயாளியின் மனைவி அங்கேயே நின்று காதுத் தோட்டைத் திருகிக் கழற்றுவார். பேக்கேஜில் அடங்கியதற்குத் தனியாகப் பணம் வாங்குவது ஒப்பந்த மீறல், திட்ட மருத்துவமனைகளின் பட்டியலிலிருந்தே நீக்கப்படலாம். அதைவிட, காப்பீடு இருக்கிறது என்று நம்பி வந்த குடும்பத்தை ஏமாற்றுவது அது. மத்திய அரசின் காப்பீட்டுத் திட்டமான பிரதமர் ஜன் ஆரோக்ய யோஜனா விதிப்படி அனுமதிக்கு முந்தைய 3 நாளும் வீடு திரும்பிய பின் 15 நாளும் பேக்கேஜுக்குள் அடக்கம். தமிழ்நாட்டில் 2018 முதல் இரு திட்டங்களும் இணைந்தே நடக்கின்றன. உங்கள் ஒப்பந்தத்தில் எத்தனை நாள் என்று தேடிப் படியுங்கள். எட்டாம் நாள் தையல் பிரிக்க 300 ரூபாய் வாங்கிப் புகாருக்கு ஆளாவது இதைப் படிக்காததால்தான்.

கட்டணம் குறைந்தால் பொறுப்பும் குறையும் என்று நினைக்காதீர்கள். காப்பீட்டு நிறுவனம் பணம் கொடுத்தாலும் அது நுகர்வோர் சட்டத்துக்கு உட்பட்ட சேவைதான் என்று உச்ச நீதிமன்றம் 1995இல் சாந்தா வழக்கில் சொல்லிவிட்டது.

தனியார் காப்பீட்டு நிறுவனங்களும் கட்டணத்தைக் குறைக்கக் கேட்டு வருவார்கள். அங்கே 'மொத்த பில்லில் 10 சதவீதத் தள்ளுபடி' என்ற வரியைத் திருத்தச் சொல்லுங்கள். மருந்துக்கும் இம்ப்ளான்ட்டுக்கும் (மெஷ் போல உடலுக்குள் வைப்பவை) அந்தத் தள்ளுபடி பொருந்தாது என்று எழுத்தில் வேண்டும். கட்டணத் திருத்தம் எப்போது, பணம் எத்தனை நாளில், விலக எத்தனை நாள் நோட்டீஸ் ஆகிய மூன்றும் ஒப்பந்தத்தில் இல்லாவிட்டால் திருப்பி அனுப்புங்கள்.

காப்பீட்டு கார்டு இல்லாத ஏழை நோயாளி குறைக்கக் கேட்டால், உங்கள் சொந்த ஃபீஸைக் குறையுங்கள். மருந்தையோ ஆன்டிபயாடிக் நாட்களையோ குறைக்காதீர்கள். ஆபரேஷனுக்கு முன்பே தொகையைச் சொல்லி, சலுகையைப் பில்லில் தனி வரியாகக் காட்டுங்கள்.