கொக்கு, நாரை அருகில் போனாலே பறந்துவிடுகின்றன. தொந்தரவு செய்யாமல் எப்படிப் பார்ப்பது?

அதன் மீதே கண் வைத்து நேராக நடந்து போவதுதான் காரியத்தைக் கெடுக்கிறது. கடந்து போகிறவர் மாதிரி சாய்வாக நடங்கள், நாலைந்து அடிக்கு ஒருமுறை நில்லுங்கள். வெயில் உங்கள் முதுகில் விழ வேண்டும். எதிர்வெயிலில் வெள்ளைக் கொக்கும் கறுப்பாகத்தான் தெரியும். 8 மடங்கு பைனாகுலர் போதும்.

எங்கே நிற்பது என்பதை அதன் கழுத்து சொல்லிவிடும். இரை தேடுவதை நிறுத்திவிட்டு, கழுத்தை விறைப்பாக நிமிர்த்தினால் எல்லையைத் தொட்டுவிட்டீர்கள். உடம்பைத் தாழ்த்தினாலோ, எச்சமிட்டாலோ கிளம்பப்போகிறது. அதற்கு முன்பே சில அடி பின்வாங்கி உட்கார்ந்துவிடுங்கள். திரும்ப மீன் தேடத் தொடங்கினால் உங்களைப் பொருட்படுத்தவில்லை என்று அர்த்தம்.

இத்தனை அடி என்று கணக்கெல்லாம் கிடையாது. உண்ணிக்கொக்கு மாட்டுக்கும் டிராக்டருக்கும் பின்னாலேயே ஓடும். அவை கிளப்பிவிடும் பூச்சிதான் குறி, பக்கத்தில் ஆள் நின்றாலும் கவலையில்லை. சாம்பல் நாரை பெரும்பாலும் தூரத்திலேயே எழுந்துவிடும். மடையான் நேரெதிர். தன் மண் நிறத்தை நம்பிக் காலடி வரும்வரை அசையாது, பிறகு வெள்ளை இறக்கையை விரித்து நம்மைத்தான் திடுக்கிட வைக்கும். கல்லெறியும் வேட்டையும் உள்ள இடத்தில் எந்த இனமும் நெருங்க விடாது.

வெள்ளைக் கொக்குகளில் குழப்பம் வந்தால் காலைப் பாருங்கள்: கறுப்புக் கால், மஞ்சள் பாதம், கறுப்பு அலகு என்றால் சின்னக் கொக்கு. பெரிய கொக்குக்கு வாய்க்கோடு (அலகின் பிளவு முகத்தில் நீளும் கோடு) கண்ணையும் தாண்டிப் பின்னால் போகும். அலகு நிறத்தை மட்டும் நம்பாதீர்கள், இனப்பெருக்கக் காலத்தில் மாறிவிடும்.

கூடுகள் உள்ள மரத்தடிக்கு மட்டும் போகவே கூடாது. தாய் எழுந்த சில நிமிடங்களில் காகம் முட்டையைத் தூக்கிவிடும், வெயிலில் குஞ்சு வாடும். ஓரளவு வளர்ந்த குஞ்சுகள் பயத்தில் தின்ற மீனைக் கக்கும், கிளைக்குத் தாவித் தவறி விழும்.

அடிபட்ட பறவை சாதுவாகத் தெரிந்தாலும் முகத்தை அருகில் கொண்டுபோகாதீர்கள். மடங்கிய கழுத்து நொடியில் நீளும், அலகு கண்ணைத்தான் குத்தும். கண்ணாடி அணிந்து, துண்டைப் போர்த்தி, முதலில் தலையைப் பிடியுங்கள். அலகைக் கட்டாதீர்கள், கக்கினால் மூச்சடைக்கும். காற்றோட்டமான அட்டைப்பெட்டியில் இருட்டாக வைத்து, வாயில் தண்ணீர் ஊற்றாமல், வனத்துறையிடமோ கால்நடை மருத்துவரிடமோ ஒப்படையுங்கள். தூண்டில் நரம்பு தொண்டைக்குள் போயிருந்தால் இழுக்கவே வேண்டாம்.