மாதம் ஐநூறு ரூபாய் போதுமா?

கேள்வி: எனக்குச் சின்னச் சம்பளம். மாதம் ஐநூறு ரூபாய் ஒதுக்கலாம் என்று நினைக்கிறேன். இவ்வளவு குறைவாகக் கொடுத்தால் யாருக்காவது உதவுமா, யாரிடம் கொடுப்பது? (வாசகி, பட்டுக்கோட்டை)

பதில்: தாராளமாக உதவும். மதுரை கொடிக்குளத்தில் பூரணம் அம்மாள், வங்கி ஊழியர், இறந்துபோன மகள் நினைவாக 1 ஏக்கர் 52 சென்ட் நிலத்தை ஊர்ப் பள்ளிக்கு எழுதிக் கொடுத்தார், 2024 குடியரசு நாளில் முதல்வர் விருதும் கொடுத்தார்கள். கேட்கும்போது மனசு நிறைகிறது, ஆனால் எல்லாரும் நிலம் கொடுக்க வேண்டியதில்லை. உங்கள் பக்கத்திலேயே பாருங்கள், கஜா புயலுக்கு அப்புறம் பேராவூரணி பெரிய குளத்தை இளைஞர்களும் விவசாயிகளும் சேர்ந்துதான் தூர்வாரினார்கள். இந்த மாதிரி வேலையில் ஜேசிபி வாடகை, டீசல், வேலை செய்கிறவர்களுக்குச் சாப்பாடு என்று தினமும் செலவு இருந்துகொண்டே இருக்கும், உங்கள் ஐநூறும் அப்படியொரு நாள் டீசலில் சேரும்.

முதலில் நீங்கள் நேரில் போய்ப் பார்க்க முடிகிற ஒரு வேலையாகத் தேர்ந்தெடுங்கள். வரவு செலவைக் கேளுங்கள், கேட்பதில் தப்பே இல்லை, ஒழுங்காக நடத்துகிறவர்கள் நோட்டை எடுத்துக் காட்டிவிடுவார்கள். அறக்கட்டளை என்றால் ரசீது வாங்குங்கள். நன்கொடைக்கான வரிச்சலுகை (80ஜி என்பார்கள்) பழைய வருமான வரி முறையில் இருப்பவர்களுக்குத்தான், அதிலும் 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் கிடைக்காது, அதனால் வங்கி வழியாகவே அனுப்புங்கள்.