இரண்டாகப் பிரியும் ரோட் சைக்கிளோடு யாழ்ப்பாணம் வருவது: கேள்வி பதில்

நல்லூர்த் திருவிழாக் காலம் நெருங்கும்போது வெளிநாட்டில் இருப்பவர்கள் பயணச் சைக்கிள் பற்றிக் கேட்கத் தொடங்கிவிடுவார்கள். வந்த கேள்விகளில் பலருக்கும் பயன்படக்கூடியவற்றைச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன். மடக்கும் சின்னச் சக்கரச் சைக்கிள் பற்றியது அல்ல இது. முழு அளவுச் சக்கரத்தோடு, பிறேம் மட்டும் நடுவில் இரண்டாகப் பிரியும் ரோட் சைக்கிள் பற்றியது.

அண்ணை, ரொறன்ரோவிலிருந்து வருகிறேன். முழுச் சைக்கிளைக் கொண்டுவந்தால் விமானத்தில் தனிக் காசு கேட்கிறார்கள். பிரியும் பிறேம் வாங்குவது பெறுமதியா?

இரண்டு மூன்று வருடத்துக்கு ஒரு தடவைதான் வருவீர்கள் என்றால் வேண்டாம். அந்தத் தனிக் காசைக் கட்டிவிட்டு, மட்டைப் பெட்டியில் உங்கள் வழக்கமான சைக்கிளையே கொண்டுவாருங்கள். வருடத்தில் சில தடவை பறப்பவர் என்றால் கணக்கு மாறும்.

பல விமான நிறுவனங்கள் சாதாரணப் பெட்டிக்கு வைத்திருக்கும் எல்லை, நீளம், அகலம், உயரம் மூன்றையும் கூட்டினால் 158 சென்ரிமீற்றர், எடை 23 கிலோ. பிரியும் சைக்கிளுக்கான பெட்டி 66, 66, 25 சென்ரிமீற்றர். கூட்டினால் 157. அதாவது உங்கள் துணிப்பெட்டிக்கு உள்ள அதே உரிமையோடு சைக்கிளும் வருகிறது. சில நிறுவனங்கள் முழுச் சைக்கிளையும் சாதாரணப் பெட்டியாகவே எடுக்கின்றன. உங்கள் டிக்கெட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று முதலில் பாருங்கள். சென்னையில் இறங்கி யாழ்ப்பாணத்தின் பலாலி விமான நிலையத்துக்குச் சின்ன விமானத்தில் மாறுவீர்கள் என்றால் இரண்டாவது டிக்கெட்டின் கிலோ எல்லையை மறக்காதீர்கள். நீண்ட பயணத்துக்குத் தரும் கிலோ அதிலும் கிடைக்கும் என்று நம்பி வரக்கூடாது.

என்னைக் கேட்டால் பெரிய லாபம் விமானத்தில் அல்ல, இறங்கிய பிறகுதான். கட்டுநாயக்கா விமான நிலையத்திலிருந்து யாழ்ப்பாணம் 350 கிலோமீற்றருக்கு மேல். முழுச் சைக்கிள் பெட்டியோடு இரவு பஸ்ஸில் ஏறிப் பாருங்கள், நடத்துநரோடு வழக்காடியே களைத்துவிடுவீர்கள். 66 சென்ரிமீற்றர் பெட்டி பஸ்ஸின் அடியில் போகும், ரயிலில் உங்கள் சாமானோடு சாமானாக வரும், ஓட்டோவிலும் ஏறும்.

நடுவில் வெட்டிய பிறேம் பாரத்துக்கு முறியாதா? எனக்கு 92 கிலோ.

முறியாது. பிறேமின் இரண்டு பாதியையும் சேர்த்துப் பிடிக்கும் இணைப்பைத்தான் கப்ளிங் என்கிறோம். நல்ல கப்ளிங் அது பொருந்தியிருக்கும் குழாயைவிடப் பலமானது.

இரண்டு முறைகள் பரவலாக இருக்கின்றன. எஸ் அண்ட் எஸ் கப்ளிங்கில் இரண்டு குழாய் நுனிகளிலும் பற்கள் இருக்கும். அவை ஒன்றுக்குள் ஒன்று பொருந்தியதும் மேலுள்ள பெரிய நட்டை அதற்கென்றே வரும் ஸ்பானரால் இறுக்க வேண்டும். திருகும் விசையைப் பற்கள் தாங்கும், இழுவிசையை நட் தாங்கும். மேல் குழாயில் ஒன்று, கீழ்க் குழாயில் ஒன்று. மற்றது றிச்சி பிறேக்-அவே. அதில் கீழ்க் குழாயைப் பெடல் அச்சுக்குக் கிட்டே ஒரு சின்ன வளையம் பிடிக்கும். மேல் குழாயையும் சீற் குழாயையும் சீற் தண்டே சேர்த்துப் பிடிக்கும். இது எடை குறைவு, ஏறக்குறைய 100 கிராம்தான் கூடும். ஆனால் ஒவ்வொரு தடவையும் சீற் உயரத்தைச் சரிபார்க்க வேண்டும், அதனால் தண்டில் ஒரு ரேப் அடையாளம் ஒட்டி வையுங்கள்.

பயப்பட வேண்டியது மரையில் மணல் ஏறுவதற்கும், கிறீஸ் இல்லாமல் இறுக்குவதற்கும். துருப்பிடிக்காத உருக்கு தன்மேலேயே உரசினால் கவ்விக்கொள்ளும், பிறகு கழற்றவே முடியாது. மணல்காட்டுப் பக்கம் போய்வந்தால் பழைய பல்துலக்கியால் மரையைத் துடைத்து, டெஃப்லான் கலந்த கிறீஸ் பூசிப் பூட்டுங்கள். முதல் ஓட்டத்தில் 10, 15 கிலோமீற்றர் போனதும் நிறுத்தி ஒருமுறை இறுக்கிப் பாருங்கள்.

ஐயா, நான் கோண்டாவில். என்னிடம் பழைய உருக்கு ரேஸ் சைக்கிள் இருக்கிறது. இங்கே வெல்டிங் பட்டறையில் வெட்டிக் கப்ளிங் போடலாமா?

தயவுசெய்து வெட்டாதீர்கள், தம்பி. உருக்குப் பிறேமில் பிறகு கப்ளிங் போடலாம் என்பது உண்மை. ஆனால் நல்ல ரேஸ் பிறேமின் குழாய் நடுப்பகுதியில் ஒரு மில்லிமீற்றர்கூடத் தடிப்பு இருக்காது. படலை, கிறில் ஒட்டும் வெல்டிங் அதை ஓட்டையாக்கிவிடும். வெள்ளி கலந்த பற்றாசு வைத்து, இரண்டு பாதியும் ஒரே நேர்கோட்டில் நிற்கும்படி தாங்கியில் பூட்டிச் செய்யும் வேலை அது. பிறேம் கட்டுபவர் செய்ய வேண்டியது. அலுமினியம் என்றால் யோசிக்கவே வேண்டாம்.

பெட்டிக்குள் எப்படி அடுக்குவது? போன முறை பிறேம் முழுக்கக் கீறல்.

உலோகம் உலோகத்தைத் தொட்டால் கீறும். 15 மணி நேரப் பயணத்தில் அந்தப் பெட்டி எத்தனை தடவை அதிரும் என்று நினைத்துப் பாருங்கள். அதனால் சுற்றும் வேலையில் சோம்பல் படக்கூடாது. குளிரூட்டிக் குழாய்க்குப் போடும் கறுப்பு நுரை உறை ஹாட்வெயார் கடையில் கிடைக்கும். அதை நீளவாட்டில் பிளந்து ஒவ்வொரு குழாய்க்கும் போடுங்கள்.

முதலில் பெடல். ஸ்பானரை மேல்நோக்கி வைத்துப் பின்சக்கரப் பக்கம் தள்ளினால் இரண்டு பெடலும் கழலும். இடது பக்கம் மரை எதிர்ப்பக்கம் என்பதை இப்படி நினைவு வைத்தால் குழப்பம் வராது. பிறகு சக்கரங்கள். பின் கியர் மாற்றியை பிறேமிலிருந்து கழற்றி, செயினோடு சேர்த்துத் துணியில் சுற்றிக் கட்டுங்கள். அது வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் முதலில் வளைவது அதுதான். ஹாண்டிலைக் கழற்றுங்கள். பிறேம் பெரியதென்றால் முன்சக்கரத்தைப் பிடிக்கும் இரண்டு கால் போக்கையும் கழற்ற வேண்டி வரும். அப்போது பெயாரிங், வளையங்கள் எந்த ஒழுங்கில் வந்தன என்று போனில் படம் எடுத்துவிட்டு ஒரு பையில் போடுங்கள்.

சக்கரம் இல்லாத போக்கின் இரண்டு காலும், பின்பக்கத்தின் இரண்டு காலும் வெறுமையாக இருக்கும். மேலே ஒரு பாரமான பெட்டி விழுந்தால் உள்ளே வளையும். முன்னுக்கு 100 மில்லிமீற்றர், பின்னுக்கு றிம் பிறேக் ரோட் சைக்கிளில் 130 மில்லிமீற்றர் அளவில் மரத்துண்டு வெட்டி இடையில் வையுங்கள்.

கேபிள்களுக்குப் பிரித்துப் பூட்டும் சிறு இணைப்பிகள் விற்கிறார்கள். எண்ணெய் டிஸ்க் பிறேக் என்றால் அந்தக் குழாயை அப்படிப் பிரிக்க முடியாது. இதனாலேயே, பயணத்துக்கென்று புதிதாகக் கட்டுபவர்களுக்குக் கேபிளால் இழுக்கும் பிறேக்கைத்தான் சொல்வேன்.

கடைசியாக, அடுக்கி முடித்த பெட்டியை மேலிருந்து படம் எடுத்து, அச்சடித்து மூடியின் உட்பக்கம் ஒட்டுங்கள். சோதனையில் திறப்பவருக்குத் திரும்ப எப்படி வைப்பது என்று தெரியாது. படத்தைப் பார்த்தால் வைப்பார். புறப்பட ஒரு வாரத்துக்கு முன் வீட்டிலேயே ஒருமுறை முழுக்கக் கழற்றிப் பூட்டிப் பாருங்கள்.

விமானத்தில் ரயர் வெடிக்குமா? காற்று இறக்கத்தான் வேண்டுமா?

வெடிக்காது. வெளியே காற்றே இல்லாத வெற்றிடம் என்றாலும் ரயருக்குக் கூடுவது ஏறக்குறைய 15 பிஎஸ்ஐ அழுத்தம்தான். சாமான் அறையில் அவ்வளவும் குறையாது. ஆனாலும் காற்றை இறக்கத்தான் வேண்டும். 28 மில்லிமீற்றர் அகல ரயர் போட்ட சக்கரம் காற்றோடு 67, 68 சென்ரிமீற்றர் விட்டம் வரும், 66 பெட்டிக்குள் போகாது. காற்று அடிக்கும் காபனீரொட்சைட்டு வாயுக் குப்பியை விட்டுவிட்டுக் கைப்பம்பு கொண்டுவாருங்கள். பவர் பாங்க், லைட்டின் தனி பற்றரி எல்லாம் கைப்பையில். ஸ்பானர், அலன் கீ பெட்டிக்குள்.

ரயர், ரியூப் யாழ்ப்பாணத்தில் வாங்கலாம்தானே? எல்லாக் கடையிலும் 28 இருக்கிறதே.

இதில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். நம்மூர்ப் பெரிய சைக்கிளின் 28 அங்குல றிம் 635 மில்லிமீற்றர் விட்டம். ரோட் சைக்கிளின் 700சி என்பது 622. பெயரில் கிட்டத்தட்ட ஒன்று, ஆனால் ஒன்றின் ரயர் மற்றதில் நிற்காது. வால்கட்டையும் வேறு, ஒல்லியான பிரெஸ்டா வால்கட்டைக்கு இங்குள்ள பம்பு நேரே பிடிக்காது, சின்னப் பித்தளை அடப்டர் ஒன்று போதும். தேடினால் 700சி கிடைக்கலாம், ஆனால் விடுமுறையின் ஒரு நாளை அதற்குக் கொடுக்காதீர்கள். ஒரு மடிக்கும் ரயர், இரண்டு மூன்று ரியூப் கையோடு வரட்டும். அப்புறம், 23 மில்லிமீற்றர் ரயரோடு வராதீர்கள். பெரிய வீதிகள் நல்லவை, ஒழுங்கைகள் அப்படி இல்லை. 28 அல்லது 32 போடுங்கள்.

அண்ணை, ஆடி ஆவணியில் காற்று எப்படி? தீவுப்பக்கம் ஓட வேண்டும் என்று ஆசை.

அது சோளகக் காலம், தங்கச்சி. காற்று தென்மேற்கிலிருந்து வரும். பண்ணைப் பாலம் தாண்டினால் மறைப்பே இல்லை, வேலணை, புங்குடுதீவுப் பக்கம் போகும்போது முகத்தில் அடிக்கும். அதிகாலையில் காற்றுக் குறைந்திருக்கும்போது புறப்படுங்கள், திரும்பும்போது அதே காற்று தள்ளிக்கொண்டு வரும். தண்ணீர் கூடுதலாக எடுங்கள்.

அன்று பின்னேரமே சைக்கிளை நல்ல தண்ணீரால் கழுவி, துடைத்து, செயினுக்கு எண்ணெய் விடுங்கள். கடற்பாதையின் உப்பு ஒரு கிழமையில் செயினைச் செம்பட்டையாக்கிவிடும். திரும்பிப் போவதற்கு முந்தின நாள் கழுவினால் வெயிலில் காயவிட்டுத்தான் பெட்டியில் வைக்க வேண்டும். சீற் தண்டைக் கழற்றி பிறேமைத் தலைகீழாகப் பிடித்தால் உள்ளே போன தண்ணீரும் வடிந்துவிடும்.