சி1 பிஷப் எங்கே போச்சு?

சதுரங்கம்: வாசகர் கேள்வி பதில்

‘கறுப்பில் உட்கார்ந்து டி4-ஐச் சமாளிப்பது பற்றிக் கேளுங்கள்’ என்று போன இதழில் ஒரு வரி எழுதிவிட்டேன். மாம்பழ சீசனில் கிருஷ்ணகிரி மண்டி வாசலில் நிற்கும் வண்டிகள் மாதிரி கடிதங்கள் வரிசை கட்டிவிட்டன. ஆறு மட்டும் எடுத்திருக்கிறேன். பலகையை விரித்து வைத்துக்கொண்டு படியுங்கள். வெள்ளையின் இடது கையிலிருந்து ஏ முதல் ஹெச் வரை, வெள்ளையின் பக்கத்திலிருந்து 1 முதல் 8 வரை கட்டங்களை எண்ணுங்கள்; காயின் பெயர் இல்லாமல் கட்டம் மட்டும் இருந்தால் அது சிப்பாய் நகர்த்தல். டி4 என்றால் வெள்ளை தன் ராணிக்கு முன்னால் உள்ள சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளுவது. பேருந்தில் படித்தால் ஒன்றும் விளங்காது.

கேள்வி: கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். எதிரில் இருப்பவர் டி4 வைத்ததுமே எனக்குக் கை ஓடுவதில்லை. லண்டன் என்கிறார்கள், கோலே என்கிறார்கள், டோரே, டிராம்போவ்ஸ்கி, ஜோபாவா... ஒவ்வொன்றுக்கும் மணிக்கணக்கில் வீடியோ இருக்கிறது. எதைப் படிப்பது, எதை விடுவது? (பென்னாகரம் வாசகர்)

பதில்: தம்பி, அவையெல்லாம் டி4-க்குப் பிறகு வெள்ளை காய்களை அடுக்குகிற முறைகள். பெயர்களை விடுங்கள். முதல் நகர்த்தல் டி5, அதில் யோசனையே வேண்டாம். அடுத்து அவர் சி4 வைத்தால் அது குயின்ஸ் கேம்பிட், தனிக் கதை, கீழே வருகிறது. சி4 வைக்காமல் ‘சிஸ்டம்’, அதாவது நாம் என்ன வைத்தாலும் ஒரே மாதிரி காய் அடுக்குகிற ஆட்டம், ஆடுகிறவர் என்றால் ஒன்றே ஒன்றைப் பாருங்கள்: அவருடைய சி1 பிஷப் எங்கே போச்சு?

எஃப்4-க்கோ ஜி5-க்கோ வெளியே போயிருந்தால், அது காத்துக்கொண்டிருந்த பி2 சிப்பாய் இப்போது அநாதை. உங்கள் ஆட்டம் அந்தப் பக்கம்: சி5, குதிரை சி6, ராணி பி6. பிஷப் சி1-லேயே இருக்க அவர் இ3 வைத்துவிட்டால் அது உள்ளே அடைபட்டுப் போகும். அப்போது பி2-வில் நமக்கு வேலை இல்லை. நம்முடைய சி8 பிஷப்பை எஃப்5-க்கு வெளியே எடுத்துவிட்டு அப்புறம் இ6 வைத்தால் போதும்.

எனக்குப் பழக்கமான மண்டிக்காரர் ஒருவர் இருக்கிறார். இருபது வருடமாக லண்டனைத் தவிர வேறு ஆடியதில்லை. டி4, பிஷப் எஃப்4, இ3, குதிரை எஃப்3, சி3. இந்த ஐந்தையும் என் பக்கம் என்ன நடக்கிறது என்று பார்க்காமலேயே வைப்பார். நான் கை கழுவப் போயிருந்தாலும் அவர் பாட்டுக்கு வைத்துக்கொண்டிருப்பார். ஒரு நாள் சாயங்காலம் கடை அடைத்தபிறகு, தராசு மேடையில் பலகையை வைத்து உட்கார்ந்தோம். நான் டி5, குதிரை எஃப்6, சி5, குதிரை சி6, ராணி பி6 என்று வந்து நின்றேன். பி2-வைக் காக்க அவர் ராணியை பி3-க்குக் கொண்டுவந்தார். ராணிகள் நேருக்கு நேர். நான் சி5 சிப்பாயை சி4-க்குத் தள்ளினேன். ராணி சி2-க்குப் பின்வாங்கியது. அடுத்து நான் வைத்தது பிஷப் எஃப்5.

பார்த்தால் சும்மா கொடுக்கிற மாதிரி இருக்கும். அவர் ஒரு கையில் வேர்க்கடலையை உரித்துக்கொண்டே மறு கையால் ராணியைத் தூக்கி எஃப்5 பிஷப்பை வெட்டினார். என் ராணி இறங்கி பி2-வை எடுத்தது. இப்போது ஏ1 யானைக்குக் குறி. யானை எங்கே ஓடும்? பக்கத்துக் கட்டத்தில் அவருடைய குதிரையே மறித்துக்கொண்டு நிற்கிறது. கடலை உரிப்பது நின்றது. ‘இது எப்ப வந்துச்சு?’ என்று கேட்டார் மனுஷன்.

அந்த இடத்தில் பிஷப்பை வெட்டாமல் அவர் ராணியை சி1-க்கு இழுத்துக்கொண்டிருக்க வேண்டும். அப்படி இழுத்தாலும் நமக்கு நஷ்டமில்லை, பிஷப் நல்ல இடத்துக்கு வந்துவிட்டது, அவர் ராணி வீட்டுக்குள் போய்விட்டது. சரி, சி4 தள்ளியதும் அவர் பின்வாங்காமல் ராணியை ராணியால் வெட்டினால்? ஏ7 சிப்பாயால் திருப்பி எடுங்கள். சிப்பாய்கள் ஒன்றன் பின் ஒன்றாக நிற்பதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். ஏ8 யானைக்கு ஏ வரிசை திறந்துவிட்டது. பி5, பி4 என்று தள்ளிக்கொண்டே போகலாம்.

ஒரு எச்சரிக்கை. அவருடைய குதிரை இன்னும் பி1-ல் நின்றால்தான் இந்த வித்தை. அது டி2-வுக்கு வந்துவிட்டால் யானைக்கு நகர இடம் கிடைத்துவிடும். நீங்கள் பிஷப்பைத் தானம் கொடுத்ததுதான் மிச்சம்.

கேள்வி: ராணி பி6 வைத்து, பி2 சிப்பாயையும் எடுத்தேன். நாலே நகர்த்தலில் ராணியைப் பறிகொடுத்தேன். எல்லாரும் சொல்கிற வழியில்தானே போனேன்? (காவேரிப்பட்டணம் வாசகர்)

பதில்: ஆட்டத்தையும் எழுதி அனுப்பியிருந்தீர்கள், நன்றி. அவர் சி3-ல் வைத்தது சிப்பாய் அல்ல, குதிரை. எல்லாம் அதில்தான் இருக்கிறது. நீங்கள் பி2-வை எடுத்ததும் அந்தக் குதிரை பி5-க்குத் தாவி சி7-ஐக் குறிவைத்தது. அங்கே குதித்தால் ராஜாவுக்கு செக், கூடவே ஏ8 யானையும் மாட்டும். நீங்கள் அதைக் கவனிப்பதற்குள் ராணி திரும்புகிற வழியை யானை வந்து அடைத்துவிட்டது. நானும் ஒரு மாவட்டப் போட்டியில் இதே மாதிரி ராணியை விட்டிருக்கிறேன். எதிரில் இருந்தது ஒன்பதாம் வகுப்புப் பையன். அவன் நாற்காலியை விட்டு எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தான். நான் அப்போதும் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

என் வகுப்புப் பிள்ளைகளுக்கு இப்படிச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன்: சி3-ல் சிப்பாய் இருந்தால் ராணி பி6, சி3-ல் குதிரை இருந்தால் ஏ6. குதிரையும் எஃப்4 பிஷப்பும் சேர்ந்து வருவதைத்தான் இப்போது ஜோபாவா என்கிறார்கள். அதன் பல் அந்த பி5 தாவல். ஏ6 வைத்தால் பல் பிடுங்கியாச்சு. அப்புறம் இ6, சி5 என்று நிதானமாக ஆடலாம்.

பி2-வை எப்போதும் எடுத்தே ஆக வேண்டும் என்றும் இல்லை. அதைக் காக்க அவர் ஒரு பெரிய காயைக் காவலுக்கு நிறுத்தினாலே ராணி பி6 வைத்த வேலை முடிந்தது.

கேள்வி: பள்ளியில் சதுரங்கம் சொல்லிக்கொடுக்கிறேன். லண்டன் சோம்பேறிகள் ஆட்டம், பெரிய ஆட்டக்காரர்கள் தொடமாட்டார்கள் என்கிறார் சக ஆசிரியர். உண்மையா? (ஊத்தங்கரை ஆசிரியை)

பதில்: இல்லை அம்மா. 1922-ல் லண்டனில் நடந்த போட்டியில் பலர் ஆடியதால் வந்த பெயர் அது. வெகுநாள் அதைச் சோம்பேறி ஆட்டம் என்றுதான் ஒதுக்கி வைத்திருந்தார்கள். ஆனால் 2023-ல் அஸ்தானாவில் நடந்த உலகப் பட்டப் போட்டியின் ஆறாவது ஆட்டத்தில் சீனாவின் டிங் லிரென் லண்டன் ஆடி ரஷ்யாவின் நெப்போம்னியாச்சியை வென்றார். அடுத்த வருடம் சிங்கப்பூரில் நம் குகேஷுக்கு எதிராகவும், அங்கேயும் ஆறாவது ஆட்டத்தில், அதையே எடுத்தார். குகேஷ் டிரா செய்தார். உங்கள் சக ஆசிரியரிடம் இந்த இரண்டையும் பலகையில் வைத்துக் காட்டுங்கள்.

அஸ்தானா ஆட்டத்தில் பிள்ளைகளுக்குக் காட்ட இன்னொன்றும் இருக்கிறது. கறுப்பு தன் சி சிப்பாயால் டி4-ஐச் சீக்கிரமே வெட்டிவிட்டது. வெள்ளை இ3 சிப்பாயால் திருப்பி எடுத்ததும் இ வரிசை அவருக்குத் திறந்தது, இ5 கட்டம் குதிரைக்கு நல்ல திண்ணையாக அமைந்தது. தப்பான நகர்த்தல் என்று சொல்லமாட்டேன், பெரியவர்கள் தெரிந்துதான் ஆடுகிறார்கள். நம் பிள்ளைகள் சி5 சிப்பாயை வெட்டாமல் டி4-ஓடு அப்படியே உரசவிட்டு வைத்திருப்பது நல்லது. கை துறுதுறுத்தால் கையின் மேல் உட்காரச் சொல்லுங்கள். என் வகுப்பில் அதுதான் வைத்தியம்.

கேள்வி: சி4 வைத்தால் தனிக் கதை என்று எப்போதும் தள்ளிப்போடுகிறீர்களே? (தேன்கனிக்கோட்டை வாசகர்)

பதில்: இந்தத் தடவை தள்ளவில்லை. டி4 டி5, சி4 இ6, குதிரை சி3 குதிரை எஃப்6, பிஷப் ஜி5. இங்கே வழக்கமாக பிஷப் இ7 வைப்பார்கள். நீங்கள் பி8 குதிரையை டி7-ல் வைத்துப் பாருங்கள். உங்கள் ஊருக்குப் பொருத்தமாக அதற்கு யானைப் பொறி என்று பெயர். நம் சதுரங்க யானைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. கேழ்வரகு முற்றும்போது உங்கள் பக்கம் காட்டை விட்டு இறங்கி வருகிறதே, அந்த யானை. ஆசையில் உள்ளே கால் வைப்பவர்தான் மாட்டுவார்.

வெள்ளை டி5-ஐ வெட்டுகிறார், நீங்கள் இ சிப்பாயால் எடுக்கிறீர்கள். எஃப்6 குதிரை நகர்ந்தால் பின்னால் நிற்கும் உங்கள் ராணி போய்விடும், ஆகவே அது அசையாது என்று நினைத்து அவர் குதிரையால் டி5-ஐத் தின்கிறார். நீங்கள் அசையாத குதிரையை அசையுங்கள்: குதிரையால் குதிரையை எடுங்கள். அவர் பிஷப்பால் உங்கள் ராணியை எடுப்பார். எடுக்கட்டும். பிஷப் பி4, செக். குறுக்கே ராணியை டி2-வில் வைப்பதைத் தவிர அவருக்கு வழி கிடையாது. அந்த ராணியை பிஷப்பால் எடுங்கள்; அவர் ராஜாவால் திருப்பி எடுத்ததும், டி8-ல் நிற்கும் அவருடைய பிஷப்பை உங்கள் ராஜாவால் எடுங்கள். கணக்கு முடியும்போது அவர் ஒரு சிப்பாய்க்காக ஒரு குதிரையை இழந்திருப்பார். 1848-ல் பெர்லினில் ஹார்விட்ஸ் இதே பொறியில் மாயெட்டைப் பிடித்தார்; இன்றைக்கும் ஆள் விழுகிறது.

அவர் டி5-ஐத் தின்னாமல் இ3 வைத்தால் பொறி செத்துவிட்டது, ராஜாவுக்கு இ2 வழியாகத் தப்பிக்க இடம் வந்துவிடும். உடனே பிஷப் இ7 வைத்து, கோட்டை கட்டி, சி6 வைத்துக்கொள்ளுங்கள். சாதாரண ஆட்டம்தான். கவலைப்பட ஒன்றுமில்லை.

கேள்வி: கோலே, டோரே, இரண்டாவது நகர்த்தலிலேயே பிஷப் ஜி5. இவற்றுக்கு ஆளுக்கு ஒரு வரி சொல்லுங்கள். (அரூர் வாசகர்)

பதில்: பெல்ஜியத்துக்காரர் எட்கார் கோலேயின் கனவு, எல்லாக் காயையும் அடுக்கிவிட்டு இ4 தள்ளுவது. அதற்கு நாம் வைப்பது பிஷப் எஃப்5, பிறகு இ6. அவர் பிஷப்பை டி3-ல் வைத்து எஃப்5-ல் வெட்டினால் இ6 சிப்பாயால் எடுங்கள், இ4 கட்டம் நம் கைக்கு வந்துவிடும். ஆனால் கோலேக்காரர் திடீரென்று சி4 வைத்து ராணியை பி3-க்குக் கொண்டுவந்தால் நம் பாட்டை நமக்கே பாடுகிறார் என்று அர்த்தம்: நம் பிஷப் வெளியே போனதால் பி7 சிப்பாய்க்குக் காவல் இல்லை. சி6 வைத்து, ராணியை பி6-ல் எதிரே நிறுத்துங்கள்.

இரண்டாவது நகர்த்தலில் பிஷப் ஜி5 வந்தால் ஹெச்6. அது ஹெச்4-க்குப் போனதும் சி6, ராணி பி6. குதிரை எஃப்3 வைத்துவிட்டு பிஷப் ஜி5 வந்தால் அது டோரே; அதற்கு இ6, சி5, மறுபடி ராணி பி6. மெக்சிகோவின் கார்லோஸ் டோரே 1925-ல் மாஸ்கோவில் முன்னாள் உலகச் சாம்பியன் லாஸ்கரை இந்த முறையில்தான் வீழ்த்தினார். ராணியையே கொடுத்துவிட்டு, யானையும் பிஷப்பும் மாறி மாறிச் செக் வைத்து ஒவ்வொரு காயாக வாரிய ஆட்டம் அது. தேடி எடுத்து ஒரு தடவை ஆடிப் பாருங்கள்.

கேள்வி: இதையெல்லாம் எதிராளியும் படித்துவிட்டு, லண்டனில் குதிரையை முதலிலேயே டி2-வில் வைத்துவிட்டால்? (ஓசூர் வாசகர்)

பதில்: வைத்தார். அதே மண்டிக்காரர், போன வாரம். வைத்துவிட்டு என்னைப் பார்த்து ஒரு சிரிப்பு வேறு. அப்போது ராணியை வீட்டிலேயே விட்டுவிட்டு இ6, பிஷப் டி6 என்று அவருடைய எஃப்4 பிஷப்பை எதிர்த்து நில்லுங்கள். அவர் ஜி3-க்குப் பின்வாங்கினால் நீங்களாகப் போய் வெட்டாதீர்கள். வெட்டினால் அவர் ஹெச் சிப்பாயால் எடுப்பார், ஹெச்1 யானைக்கு வழி திறந்துவிடும், நம் ராஜா அந்தப் பக்கம்தான் கோட்டை கட்டியிருப்பார். அவரே டி6-ல் வந்து வெட்டட்டும். நீங்கள் ராணியை இ7-ல் வைத்து இ5 தள்ளப் பாருங்கள். டி3-ல் அவர் பிஷப் நிற்கிற வரைக்கும் ஹெச்7 மேல் ஒரு கண் இருக்கட்டும்.

நான் இ5 தள்ளியதும் சிரிப்பு போய்விட்டது. நாற்பது நகர்த்தல் ஆடி டிரா. அன்றைக்குக் கடலைக்குக் காசு நான்தான் கொடுத்தேன்.