கையர்வல்லி: ஒரு கடிதம்

வணக்கம் சார்,

நீங்கள் பார்க்கச் சொன்ன ‘கையர்வல்லி’ (1956) என்ற ஜெர்மன் படத்தைப் போன வாரம் பார்த்தேன். ஆஸ்திரியாவின் டிரோல் மலை, பச்சைப் புல்வெளி, பணக்கார அப்பா, அடங்காத மகள். அவர் பார்த்த மாப்பிள்ளை வேண்டாம் என்றதும் மகளை மலைமேல் தனியாக இருக்க விரட்டிவிடுகிறார். கடைசியில் அவளுக்குப் பிடித்தவனே கிடைத்துவிடுகிறான். இரண்டாம் உலகப் போர் முடிந்து பதினோரு வருடம்தான் ஆகியிருக்கிறது. படத்தில் இடிந்த சுவர் ஒன்றுகூட இல்லை. இது ஏமாற்று வேலை இல்லையா? இதில் நீங்கள் என்னதான் கண்டீர்கள்?

எஸ்.

அன்புள்ள எஸ்,

உங்கள் கோபம் நியாயமானது. ஆனால் கோபப்பட வேண்டிய இடம் அதுவல்ல என்று எனக்குத் தோன்றுகிறது.

அன்று தியேட்டரில் உட்கார்ந்திருந்தவர்கள் யார் என்று யோசித்துப் பாருங்கள். போர் முடியும்போதும் முடிந்த பிறகும், கிழக்கே இருந்த பொமரேனியா, சிலேசியா, சுடேட்டன்லாந்து போன்ற பகுதிகளிலிருந்து சுமார் 1.2 கோடி ஜெர்மானியர்கள் தப்பியோடினார்கள் அல்லது விரட்டப்பட்டார்கள். 1950-இல் மேற்கு ஜெர்மனியில் மட்டும் அவர்களில் ஏறக்குறைய 80 லட்சம் பேர் இருந்தார்கள். இந்த வகைப் படத்துக்கு அங்கே ‘ஹைமாட்ஃபில்ம்’ என்று பெயர். ஹைமாட் என்ற சொல்லுக்குத் தாயகம் என்று சொல்வார்கள். எனக்கு ‘ஊர்’ என்பதுதான் சரியாகப் படுகிறது. “உங்களுக்கு எந்த ஊர்?” என்று கேட்டால் சொல்கிறோமே, அந்த ஊர். அதைச் சொல்லிவிட்டு, இனி அங்கே போக முடியாது என்றும் சேர்த்துச் சொல்ல வேண்டியிருந்த ஜனங்கள் அவர்கள். இடிபாட்டைப் பார்க்க அவர்கள் டிக்கெட் வாங்க வேண்டியதில்லை. அதனால் அந்தச் சுவர் இல்லாததை நான் பெரிய குற்றமாக நினைக்கவில்லை. தவிர, இந்த வகைப் படங்கள் எல்லாமே அந்த இழப்பை ஒளித்துவைத்தன என்றும் சொல்ல முடியாது. 1951-இல் வந்து சக்கைப்போடு போட்ட ‘க்ரூன் இஸ்ட் டீ ஹைடே’ படத்தில், பொமரேனியாவில் நிலத்தை எல்லாம் இழந்துவிட்டு வந்த பண்ணையார் ஒருவர், அடுத்தவர் காட்டில் திருட்டு வேட்டையாடுகிறார். வேட்டையை அவரால் விட முடியவில்லை.

என்னை உறுத்துவது வேறு. இதே கையர்வல்லி கதையை 1940-இல், நாஜி ஆட்சியில், ஹான்ஸ் ஸ்டைன்ஹாஃப் படமாக்கினார். 1933-இல் ‘ஹிட்லர்யுங்கே குவெக்ஸ்’ என்ற பிரச்சாரப் படத்தை எடுத்த அதே இயக்குநர். அப்புறம் அந்த ஆட்சி விழுந்தது. கோடிக்கணக்கானவர்கள் செத்துப்போயிருந்தார்கள். பதினாறு வருடம் கழித்து அதே மலையும் அதே பண்ணையும் அதே அப்பாவின் அதட்டலும் திரும்ப வந்தன, இந்த முறை கலரில். பார்த்தவர்களுக்கு அது உறுத்தவும் இல்லை. உங்கள் கோபத்தை இங்கே வையுங்கள், நானும் சேர்ந்துகொள்கிறேன். 1962-இல் மேற்கு ஜெர்மனியின் ஓபர்ஹவுசன் நகரில் 26 திரைக்கலைஞர்கள் கையெழுத்துப் போட்டு ‘பழைய சினிமா செத்துவிட்டது’ என்று அறிக்கை விட்டதில் இந்தக் கோபமும் இருந்தது. அவர்களில் ஒருவரான எட்கர் ரைட்ஸ், 1984-இல் ‘ஹைமாட்’ என்றே பெயர் வைத்து ஒரு கிராமத்தின் கதையை 11 பகுதிகளாக எடுத்தார். ஊரையும் நாஜிக் காலத்தையும் அதில் பிரித்துப் பார்க்கவே முடியாது. கட்டாயம் பாருங்கள்.

சரி, நான் என்ன கண்டேன் என்று கேட்டீர்கள். கதாநாயகி வல்லி கழுகுக் கூட்டுக்கு இறங்கும் அந்தக் கயிற்றைத்தான்.

வில்ஹெல்மினே ஃபான் ஹில்லெர்ன் 1875-இல் வெளியிட்ட நாவல்தான் படத்துக்கு மூலம். நாவலுக்கும் முன்னால் நிஜமான ஒரு பெண் இருந்தார். ஆன்னா க்னிட்டல், டிரோலின் லெக்டால் பள்ளத்தாக்கில் 1841-இல் பிறந்தவர், துப்பாக்கி செய்பவரின் மகள். அங்கே ஆட்டுக்குட்டிகளைக் கழுகு தூக்கிக்கொண்டு போகும். கூட்டிலிருந்து குஞ்சை எடுத்துவிட வேண்டும். கூடோ செங்குத்துப் பாறையில். ஆண்கள் யாரும் முன்வராதபோது, 17 வயது ஆன்னா கயிற்றைக் கட்டிக்கொண்டு இறங்கினார். குஞ்சோடு மேலே வந்தார். சில வருடம் கழித்து இன்னொரு தடவையும் இறங்கினார். (கையர் என்றால் பிணந்தின்னிக் கழுகு. அவர் எடுத்தது பொன்னாங்கழுகின் குஞ்சு. பெயர் மட்டும் அப்படி நின்றுவிட்டது.)

பாறை விளிம்பில் நிற்பவர்கள் கையில் கயிறு மட்டும்தான் இருக்கும். கயிறு இறுகினால் அவள் தொங்குகிறாள், தளர்ந்தால் எங்கோ கால் ஊன்றிவிட்டாள். கூட்டருகே என்ன நடந்தது என்பதைக் கிட்டத்தில் பார்த்தவர் ஆன்னா ஒருவர்தான். ஓவியம் கற்றிருந்ததால் அதைத் தானே வரைந்தும் வைத்தார். அந்த ஓவியத்திலிருந்துதான் ஹில்லெர்னின் கதை பிறந்தது.

நாவலாசிரியை அவளுக்கு ஒரு கொடூர அப்பாவையும் ஜோசப் என்ற வேட்டைக்காரனையும் கொடுத்தார். படங்களும் அதைப் பிடித்துக்கொண்டன. வல்லி கடைசியில் ஜோசப்பின் தோளில் சாய்கிறாள், கதை முடிந்துவிடுகிறது. நிஜ ஆன்னா பெற்றோர் தடுத்தும் தனக்குப் பிடித்தவரைக் கல்யாணம் செய்துகொண்டார், அதோடு நின்றுவிடவில்லை. 1873-இல் இன்ஸ்புருக்கில் பெண்களுக்கென்று ஓவியப் பள்ளி ஆரம்பித்தார். ஆல்ப்ஸ் மலைப் பூக்களை வரைந்து விற்றார். 1915 வரை வாழ்ந்தார்.

அவர் வரைந்த அந்தப் படத்தைத் தேடிப் பாருங்கள். ஜோசப் அதில் இல்லை.