ஒரு மணி நேரக் கைமாத்து

அன்புள்ள சேர்,

நான் பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தோட்டத்தில் இருக்கிறேன். தயவுசெய்து பெயர் போட வேண்டாம். என் மகனுக்கு நாலரை வயது. மூன்று வயதில் பேராதனை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டியபோது ஓட்டிசம் என்றார்கள். இன்னும் பேச்சு வரவில்லை. பால்மா டின்னின் சிவப்பு மூடி ஒன்றை நாள் முழுக்கச் சுற்றிக்கொண்டே இருப்பான், அதைப் பிடுங்கினால் சுவரில் தலையை முட்டுவான். கீழ் லயத்தில் ஒரு அக்காவின் மகளுக்கு டவுன் சின்ட்ரோம், ஆறு வயது. மலையில் பக்கத்துப் பக்கத்து நிரையில் கொழுந்து எடுக்கும்போது நாங்கள் இரண்டு பேரும் பிள்ளைகளைப் பற்றித்தான் பேசுவோம். இன்னும் இரண்டு மூன்று அம்மாமாரைச் சேர்த்துக்கொண்டு மாதம் ஒரு தரம் கூடலாம் என்று நினைத்தோம். என் வீட்டுக்காரர், "அந்தப் புள்ளைக்கு வேற சீக்கு, நம்ம புள்ளைக்கு வேற சீக்கு, நீங்க கூடி என்னா செய்யப் போறீங்க, டொக்டரா?" என்கிறார். மாமியார், வயிற்றுப் பிள்ளையோடு கிரகணத்தன்று நான் வெளியே போனதால்தான் இப்படி என்று எல்லோரிடமும் சொல்கிறார். உங்கள் மகளைப் பற்றி நீங்கள் எழுதியதை வாசித்திருக்கிறேன், அதனால்தான் கேட்கிறேன். நாங்கள் எல்லோரும் எட்டாம் வகுப்பைத் தாண்டாதவர்கள். ஒருவருக்கு ஒருவர் எதைக் கொடுத்துவிட முடியும் சேர்?

*

அன்புள்ள தங்கச்சி,

உங்கள் கடிதத்தை நானும் என் மனைவியும் சேர்ந்து வாசித்தோம். கடைசி வரிக்கு வந்ததும் அவள், "அந்தக்கா எனக்குக் கொடுத்ததை எழுதுங்க" என்றாள். அதிலிருந்தே தொடங்குகிறேன்.

எங்கள் மகள் பிறந்து ஒரு மாதம் இருக்கும். பால் குடிக்க மாட்டாள். வாய் வைப்பாள், இரண்டு இழுப்பு இழுப்பாள், அப்புறம் உதடு நழுவிப் பால் கன்னத்தில் வழியும், அப்படியே தூங்கிப்போவாள். டவுன் சின்ட்ரோம் பிள்ளைகளுக்குத் தசை தளர்வாக இருக்கும், உறிஞ்சும் பலம் குறைவு என்பதெல்லாம் பிறகு தெரிந்துகொண்டது. எடை ஏறவில்லை என்பது மட்டும்தான் அன்றைக்கு எங்களுக்குத் தெரியும். ஒரு நாள் காலையில் மேல் லயத்து அக்கா ஒருவர், பெரட்டுக்கு, அதுதான் காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கிற இடத்துக்கு, போகிற வழியில், கூடையை வாசலில் இறக்கி வைத்துவிட்டு உள்ளே வந்தார். அவருக்கு அப்போது இதே மாதிரி பன்னிரண்டு வயதில் ஒரு மகன். என் மனைவியின் கையை எடுத்து மார்புக்கு அடியில் வைத்து, கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் விரித்து, அந்தக் கவட்டுக்குள் பிள்ளையின் தாடையை உட்கார வைத்தார். இரண்டு விரலும் இரண்டு கன்னத்தையும் மெல்லத் தாங்கின. தாடை தொங்கவில்லை. பிள்ளை இழுத்தாள், கொஞ்சம் மூச்சு விட்டாள், மறுபடியும் இழுத்தாள். அக்கா அது முடியும்வரை நிற்கவில்லை, கூடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். பெரட்டுக்குப் பிந்திப்போனதால் அன்றைக்கு அவருக்கு அரைப் பேர்தான், அரை நாள் சம்பளம்தான், போட்டார்கள் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

எத்தனையோ இடத்துக்கு ஏறி இறங்கியிருந்தோம், இதை யாரும் எங்களுக்குக் காட்டித் தந்ததில்லை. அந்த அக்கா பள்ளிக்கூடமே போகாதவர். எட்டாம் வகுப்பைப் பற்றி இனிமேல் எழுதாதீர்கள்.

உங்கள் வீட்டுக்காரர் கேட்டது நியாயமான கேள்வி, அதைத் தட்டிவிட முடியாது. முதலில், இரண்டுமே சீக்கு இல்லை, தொற்றாது, மருந்து குடித்து மாறுவதும் இல்லை. ஆனால் இரண்டும் வேறு வேறுதான். டவுன் சின்ட்ரோம் கரு உண்டாகிற நேரத்திலேயே வந்துவிடுகிறது: பரம்பரைக் குணங்களைச் சுமக்கிற குரோமோசோம்களில் 21-வது, இரண்டு இருக்க வேண்டிய இடத்தில் மூன்று. 1959-ல் பாரிஸில் இதைக் கண்டுபிடித்தார்கள். அந்த மூன்றை நினைத்துத்தான் மூன்றாம் மாதம் 21-ஐ, மார்ச் 21-ஐ, உலக டவுன் சின்ட்ரோம் தினமாக வைத்திருக்கிறார்கள். இரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். இந்தப் பிள்ளைகளில் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு இதயத்தில் ஏதாவது குறை இருக்கும், ஆகவே எக்கோ என்கிற இதய ஸ்கேன் எடுக்காமல் இருக்கக் கூடாது. வருஷத்துக்கு ஒரு தரம் தைரொயிட் பார்க்க வேண்டும், காதும் கண்ணும் பார்க்க வேண்டும். கீழ் லயத்து அக்காவிடம் இதையெல்லாம் பார்த்தாயிற்றா என்று நாளைக்கே கேளுங்கள். அந்தப் பிள்ளை நடையில் திடீரென்று தடுமாறினாலோ கழுத்து வலி என்று அழுதாலோ தாமதிக்காமல் டொக்டரிடம் காட்டச் சொல்லுங்கள், கழுத்தெலும்பு தளர்வாக இருக்கிற பிள்ளைகள் சிலர் உண்டு. ஓட்டிசத்தை எந்த இரத்தத்திலும் பார்க்க முடியாது. பிள்ளை எப்படிப் பார்க்கிறது, எதைத் திரும்பத் திரும்பச் செய்கிறது, எந்தச் சத்தத்துக்கு நடுங்குகிறது என்று கூட இருந்து கவனித்துத்தான் சொல்வார்கள். டவுன் சின்ட்ரோமும் ஓட்டிசமும் ஒரே பிள்ளைக்கு இருப்பதும் உண்டு.

சரி, இவ்வளவு வித்தியாசம் இருக்கிறதே, பிறகு எதற்குக் கூடுவது?

லயத்தில் கைமாத்து வாங்குவோம் இல்லையா. ஒரு சுண்டு அரிசி, நாலு கொச்சிக்காய், சம்பளத்துக்கு இரண்டு நாள் இருக்கும்போது ஐந்நூறு ரூபாய். கொடுக்கிறவர் வீட்டிலும் அதே அரிசி, அதே சம்பளம்தான். வட்டி கிடையாது, எழுதி வைப்பது கிடையாது, திருப்பிக் கொடுக்காமல் இருக்கவும் மனம் வராது. நீங்கள் கூட வேண்டியது அந்த மாதிரி, நேரத்தைக் கைமாத்துக் கொடுப்பதற்காக. உங்கள் மகனை அந்த அக்கா ஒரு மணி நேரம் பார்த்துக்கொள்வார், நீங்கள் தலைக்குக் குளிப்பீர்கள், இல்லாவிட்டால் சும்மா படுத்திருப்பீர்கள். அடுத்த கிழமை அவர் மகள் உங்களிடம் இருப்பாள். கூட்டம், தலைவி, பொருளாளர் எல்லாம் பிறகு தேவைப்பட்டால் பார்க்கலாம், அதில் தொடங்கிய இரண்டு மூன்று சங்கங்கள் யார் தலைவி என்பதிலேயே உடைந்துபோனதை நான் பார்த்திருக்கிறேன்.

இந்த விஷயத்தில் பிள்ளைகள் வேறு வேறாக இருப்பது நல்லதுக்குத்தான். எங்கள் தோட்டத்தில் ஒரு மாசி மாதம் காமன் கூத்து, மன்மதன் கதையை விடிய விடிய ஆடுவார்கள். என் மகளுக்கு அப்போது ஒன்பது வயது, தப்பு மேளச் சத்தம் கேட்டால் கால் தரையில் நிற்காது. பக்கத்து வீட்டுப் பையனுக்கு ஓட்டிசம், அதே தப்பு அவனுக்குக் காதில் ஆணி அடிக்கிற மாதிரி. அவன் கத்திக் கத்தி மயங்கிவிடுவான் என்று அவன் அம்மா நாலு வருஷமாகக் கூத்துப் பக்கமே போகவில்லை. அன்றைக்கு என் மனைவி அவனைக் கூட்டிக்கொண்டு தேயிலை ஸ்டோருக்குப் போகிற ரோட்டில் மேலே ஏறிப் போனாள், தப்பு எங்கேயோ கேட்கிற தூரத்துக்கு. அவன் ரோட்டோரக் கல்லை ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டே நடந்தானாம், இவளும் கூடவே நடந்தாளாம், விடிகிற வரைக்கும் அதேதான். அந்த அம்மா என் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு கூத்துப் பார்த்தார். மன்மதன் எரிந்த பிறகு ரதி அழுகிற இடம் முழுவதையும் இருந்து பார்த்துவிட்டு, தொண்டை கட்டிப்போய், தோளில் தூங்குகிற என் மகளோடு வந்து எங்கள் வாசல் இஸ்தோப்பில் உட்கார்ந்தார். இரண்டு பேருக்கும் ஒரே மாதிரிப் பிள்ளையாக இருந்திருந்தால் அந்த இரவை மாற்றிக்கொண்டிருக்க முடியாது.

கிளினிக்குக்கும் இதேதான். பொகவந்தலாவையிலிருந்து ஹட்டன், பிறகு கினிகத்தேனை, நாவலப்பிட்டி, கம்பளை என்று பேராதனை வரைக்கும் அந்தப் பஸ்ஸில் ஓட்டிசம் உள்ள பிள்ளையோடு தனியாகப் போவது எப்படி என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இரண்டு பேருக்கும் ஒரே நாளில் திகதி தரச் சொல்லிக் கேளுங்கள். கேட்டால் பெரும்பாலும் தருவார்கள். ஒருவர் நம்பரோடு வரிசையில் இருக்கலாம், மற்றவர் பிள்ளைகளை வெளியே உலாத்தலாம். உங்களில் சிங்களம் நன்றாகத் தெரிந்தவர் எல்லோருக்காகவும் உள்ளே போகட்டும். திரும்பி வருகிற பஸ்ஸிலேயே, அவர்கள் சொன்னதைக் கொப்பியில் தமிழில் எழுதிக்கொள்ளுங்கள். இரண்டு பேர் கேட்டதை ஒப்பிட்டால் விட்டுப்போனது தெரியும்.

சிங்களம் என்றதும் ஒன்று. எங்களிடம் ஓரிடத்தில், பிள்ளைக்குப் பேச்சு வர வேண்டுமானால் வீட்டில் தமிழை விட்டுவிட்டுச் சிங்களம் மட்டும் பேசுங்கள் என்றார்கள். ஒரு வருஷம் அப்படியே செய்தோம். எங்களுக்கே சரியாக வராத மொழியில், பிள்ளையைத் தாலாட்டக்கூட முடியாமல். அது எனக்கு இன்றைக்கும் ஆறாத மனக்குறை. இரண்டு மொழி கேட்பதால் டவுன் சின்ட்ரோம் பிள்ளைக்கோ ஓட்டிசம் உள்ள பிள்ளைக்கோ பேச்சு பின்தங்குவதில்லை என்று ஆராய்ந்தவர்கள் சொல்கிறார்கள். உங்கள் மகனோடு உங்கள் பேச்சிலேயே பேசுங்கள், அவன் பதில் சொல்லாவிட்டாலும் பேசுங்கள்.

மாமியார் விஷயம். கிரகணத்துக்கும் இதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. நீங்கள் சாப்பிட்டது, தூக்கியது, அழுதது எதுவும் காரணம் இல்லை. தாயைக் குற்றம் சொல்வது நம் லயத்தில் மட்டும் இருக்கிற பழக்கமும் இல்லை. 1950-களிலும் 60-களிலும் அமெரிக்காவில் பெரிய படிப்புப் படித்தவர்களே, அம்மா பாசம் காட்டாததால்தான் பிள்ளைக்கு ஓட்டிசம் வருகிறது என்று எழுதினார்கள், டொக்டர்மாரும் நம்பினார்கள், எத்தனையோ தாய்மார் அந்தப் பழியைச் சுமந்தார்கள். அதை முதலில் உடைத்தவர்களில் ஒருவர் பேர்னார்ட் ரிம்லாண்ட். உளவியல் படித்தவர், ஓட்டிசம் உள்ள ஒரு மகனின் அப்பா. 1964-ல் அந்தக் கருத்து தவறு என்று ஆதாரத்தோடு எழுதினார், அடுத்த வருஷமே மற்றப் பெற்றோரோடு சேர்ந்து ஒரு சங்கம் தொடங்கினார். லண்டனில் அதற்கும் முன்பே, 1962-ல், பெற்றோர் சிலர் கூடிவிட்டார்கள். அவர்களில் ஒருவரான லோர்னா விங் மனநல டொக்டர், அவர் மகளுக்கும் ஓட்டிசம். இன்றைக்கு டொக்டர்மார் ஓட்டிசத்தைப் பார்க்கிற விதத்தில் பாதி அவர் கொடுத்தது என்று நான் சொல்வேன். பெற்றோர் கூடி என்ன செய்வார்கள் என்று வீட்டில் கேட்டால் இதைச் சொல்லுங்கள்.

ஊசி போட்டதால் வந்தது என்று யாராவது சொன்னாலும் நம்ப வேண்டாம். அப்படிச் சொன்ன 1998-ம் ஆண்டுக் கட்டுரையை வெளியிட்ட இதழே 2010-ல் திரும்பப் பெற்றுவிட்டது. சின்னப் பிள்ளைகளுக்கு ஊசியை நிறுத்திவிடாதீர்கள்.

உங்கள் வீட்டுக்காரருக்கும் ஒரு வார்த்தை, இதை அவருக்கு வாசித்துக் காட்டுங்கள். தம்பி, என் மகள் பிறந்து முதல் இரண்டு வருஷம் ஒரு கிளினிக்குக்கும் நான் போகவில்லை. ஸ்கூல், வகுப்பு, லீவு இல்லை என்று சொல்லிக்கொண்டு இருந்தேன். உண்மையில் அங்கே உட்கார்ந்திருக்க எனக்குப் பயம். அந்த இரண்டு வருஷத்தையும் என் மனைவி தனியாகச் சுமந்தாள். கைமாத்தில் அப்பாமாருக்கும் முறை போடுங்கள். ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் இரண்டு மணி நேரம் ஒரு அப்பா இரண்டு பிள்ளைகளோடு கிரவுண்டில் இருந்தால், அதைப் பார்த்து லயத்தில் மற்றவர்கள் பேசுகிற பேச்சும் மாறும்.

பள்ளிக்கூடத்துக்கும் தனியாகப் போகாதீர்கள். கீழ் லயத்துப் பிள்ளைக்கு ஆறு வயது என்கிறீர்கள், ஐந்திலிருந்து பதினாறு வரைக்கும் கட்டாயக் கல்வி, அது அவளுக்கும் சேர்த்துத்தான். குறைபாட்டைக் காரணம் காட்டிப் பிள்ளையைச் சேர்க்க மறுக்கக் கூடாது என்று 1996-ம் ஆண்டின் 28-ம் இலக்கச் சட்டம் சொல்கிறது. அதிபர் முன்னால் ஒரு அம்மா தனியாக நின்றால், "மற்றப் பிள்ளைகளுக்கு இடைஞ்சல்" என்ற ஒரு வரியில் திருப்பி அனுப்பிவிடலாம். நாலு பேர் போய் உட்கார்ந்து, விசேட கல்வி அலகு எந்த ஸ்கூலில் இருக்கிறது, இல்லாவிட்டால் இங்கே என்ன செய்வீர்கள் என்று மரியாதையாகக் கேட்டால், பதில் சொல்லியாக வேண்டும். நானும் கூட வருகிறேன்.

இரண்டு விஷயத்தில் மட்டும் கவனம். ஒருவர் பிள்ளையோடு மற்றவர் பிள்ளையை ஒப்பிட்டுப் பேசாதீர்கள், "உங்க புள்ளயாவது பேசுது" என்ற ஒரு சொல்லில் ஒரு அம்மா எழுந்து போய் வராமலே இருந்துவிட்டார். குணமாக்கித் தருகிறேன் என்று காசு கேட்டு வருகிறவர்களை அந்த வாசலுக்குள் விடாதீர்கள்.

இந்த ஞாயிற்றுக்கிழமையே தொடங்கலாம். மற்ற அம்மாமார் வரும்வரை காத்திருக்க வேண்டாம், நீங்களும் அந்த அக்காவும் போதும். முதல் தரம் அரை மணி நேரம் அவர் வீட்டிலேயே நீங்களும் கூட இருங்கள், மகன் அந்த இடத்தைப் பார்த்துப் பழகட்டும். ஓடிப்போகிற பிள்ளையா, தண்ணீர் ஓடுகிற கானுக்குப் பக்கத்தில் நிற்பானா, எதைச் சாப்பிட மாட்டான், எந்தச் சத்தத்துக்குக் காதைப் பொத்துவான் என்று எல்லாவற்றையும் அவருக்குச் சொல்லிவிடுங்கள். அவர் மகளைப் பற்றி அவரும் சொல்லட்டும். அந்தச் சிவப்பு மூடியை மறக்காமல் கொண்டு போங்கள், அதை யாரும் வாங்கிவிடக் கூடாது என்று அந்தச் சின்னப் பிள்ளையிடமும் சொல்லிவையுங்கள். வீட்டில் இன்னொரு மூடி இருந்தால் அவளுக்கும் ஒன்று கொடுங்கள்.