பணி ஓய்வுக்குப் பிறகு பேரக்குழந்தைகள் இருக்கும் வெயில் ஊருக்கே குடிபோய்விடலாமா?

உங்கள் கேள்வியை இரண்டு முறை படித்தேன். முப்பது வருடம் கடலோரத்தில் இருந்துவிட்டீர்கள், இருவருக்கும் 65 தாண்டிவிட்டது. மகள் குடும்பம் இருப்பது கடலுக்கு வெகுதூரத்தில் உள்ள ஒரு வெயில் ஊரில். பேத்திக்கு மூன்று வயது. இருக்கிற வீட்டை விற்றுவிட்டு அங்கேயே போய்விடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

போகலாம். நாங்களும் இதே மாதிரிதான் போனோம், ஏழு வருடம் ஆகிறது. போனதற்கு நானோ என் வீட்டுக்காரரோ ஒரு நாளும் வருந்தியதில்லை. ஆனால் வீட்டை இப்போதைக்கு விற்காதீர்கள். அந்த ஊரில் ஒரு வாடகை வீடு எடுத்து ஒரு முழுக் கோடையைக் கழியுங்கள், அதற்கப்புறம் விற்பதைப் பற்றிப் பேசலாம்.

நாங்கள் அப்படி ஒரு கோடையைப் பார்த்துவிட்டு முடிவு செய்யவில்லை. மகளைப் பார்க்கப் போனதெல்லாம் விடுமுறையில், இதமான மாதங்களில். பத்து நாள் இருப்போம், பேரன் மடியை விட்டு இறங்கமாட்டான், காலையில் இளவெயில், முழங்கால் வலிகூடக் குறைந்த மாதிரி இருக்கும். அந்தப் பத்து நாளை வைத்துக்கொண்டு மீதி வாழ்நாளை முடிவு செய்துவிட்டோம்.

முதல் கோடையில் ஒரு நாள் என் வீட்டுக்காரர் மத்தியானம் பேரனைப் பள்ளியிலிருந்து கூட்டிவரப் போனார். பத்து நிமிட நடைதான். திரும்பி வந்தவர், "எனக்கு வேர்க்கவே இல்லை, நீதான் வீணாகப் பயப்படுகிறாய்" என்றார். சட்டையைத் தொட்டுப் பார்த்தேன், காய்ந்துதான் இருந்தது. ஆனால் முதுகுப் பக்கம் வெள்ளை வெள்ளையாகக் கோடுகள். உப்பு. வேர்த்திருக்கிறது, வேர்த்த வேகத்திலேயே காற்று அதை உறிஞ்சிவிட்டிருக்கிறது. அன்று சாயங்காலம் நாற்காலியிலிருந்து எழுந்தவர் இரண்டு அடி வைத்துவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். முகம் வெளுத்துவிட்டது.

கடலோரத்தில் பழகிய நமக்கு வேர்வை என்றால் உடம்பில் ஒட்டிக்கொண்டு பிசுபிசுப்பது. அதைப் பார்த்துத்தான் தண்ணீர் குடிக்கும் நினைப்பே வரும். உள்நாட்டு வறண்ட காற்றில் அந்த அடையாளம் கிடையாது. நம் வயதில் இன்னொன்றும் சேர்ந்துகொள்கிறது. உடம்பில் நீர் குறைந்தாலும் இளவயதில் எடுத்த மாதிரி தாகம் எடுக்காது, வேர்க்கும் அளவும் குறைந்துவிடும். கடல் பக்கத்தில் இருக்கும்வரை அது பகலைக் கொஞ்சம் ஆற்றும், இரவைக் கொஞ்சம் வெதுவெதுப்பாக வைக்கும். உள்ளே போகப் போக அந்தத் தயவு இல்லை, பகல் ஒரேயடியாக ஏறும்.

மறுநாள் மருத்துவர் முதலில் கேட்டது, என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்பதைத்தான். ரத்த அழுத்தத்துக்காக ஒரு நீர் மாத்திரையும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அது உடம்பிலிருந்து உப்பையும் நீரையும் வெளியேற்றும் மாத்திரை, கோடையில் வெயிலும் அதே வேலையைச் செய்கிறது. அளவை மருத்துவரே மாற்றிக் கொடுத்தார். நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், ஆனால் கிளம்புவதற்கு முன்பே மாத்திரைப் பட்டியலைக் காட்டி, "இவ்வளவு வெயிலுள்ள ஊருக்குப் போகிறோம்" என்று சொல்லிக் கேளுங்கள். தூக்க மாத்திரை, மன அமைதிக்கான மாத்திரை, சிறுநீர்ப்பைக்கான சில மாத்திரைகள்கூட வெயிலைத் தாங்கும் சக்தியைக் குறைக்கும். யாராவது இன்சுலின் போடுபவர் என்றால் அதை வைக்கும் இடத்தையும் யோசியுங்கள். பயன்பாட்டில் இருக்கும் குப்பியைச் சாதாரணமாக அறையிலேயே வைப்போம், ஆனால் கோடையில் அறையே 30 டிகிரியைத் தாண்டிவிடும்.

பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. உடம்பு வெயிலுக்குப் பழகவும் செய்யும். ஓரிரு வாரம் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே போய்வந்தால் வித்தியாசம் தெரியும். ஆனால் இதை லேசாகவும் எடுத்துக்கொள்ளாதீர்கள். 2003 ஆகஸ்டில் ஐரோப்பாவில் அடித்த வெப்ப அலையில் பிரான்சில் மட்டும் ஏறக்குறைய 15,000 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் முதியவர்கள், அதிலும் தனியாக இருந்தவர்கள் நிறைய. பகல் வெயிலோடு போகவில்லை, இரவிலும் வீடு ஆறவே இல்லை என்பதுதான் அவர்களை வாட்டியது.

அதனால் வீடு பார்க்கும்போது சாயங்காலம் ஏழு மணிக்குப் போய்ப் பாருங்கள். நாங்கள் முதலில் எடுத்தது மேல்மாடி, படுக்கையறை மேற்கே பார்த்தது. காலை பத்து மணிக்குப் பார்த்தபோது வெளிச்சமும் காற்றுமாக அவ்வளவு அழகாக இருந்தது. பகலெல்லாம் தளம் குடித்த சூட்டை இரவு பூராவும் எங்கள் மேல் இறக்கியது. நள்ளிரவில் சுவரில் கையை வைத்தால் காய்ச்சல்காரர் நெற்றியைத் தொட்ட மாதிரி இருக்கும். அடுத்த வருடமே கீழ்த்தளத்துக்கு மாறினோம். வாடகையாக இருந்ததால் மாற முடிந்தது.

சரி, இவ்வளவு இருந்தும் ஏன் போகச் சொல்கிறேன்?

குழந்தைகளுக்கு நாம் வேண்டியிருக்கும் வருடங்கள் ரொம்பக் குறைவு. நாங்கள் போனபோது பேரனுக்கு நாலரை வயது. அவனுக்கு ஷூ நாடாவைக் கட்டக் கற்றுக்கொடுத்தது நான்தான். மூன்று வாரம் ஆனது. ஒவ்வொரு நாளும் வாசற்படியில் உட்கார்ந்து, நாக்கை ஓரமாகத் துருத்திக்கொண்டு, ஒரு வளையம் போடுவான், இன்னொரு வளையம் போடுவதற்குள் முதல் வளையம் நழுவிவிடும். நான் கையை மடியிலேயே வைத்துக்கொண்டு பார்த்திருப்பேன். அவன் அம்மாவுக்குக் காலை நேரத்தில் அந்தப் பொறுமைக்கு வழியில்லை, அவளுக்கு வேலைக்குப் போகவேண்டும். எனக்கு நேரம் இருந்தது. முடிச்சு நின்ற அன்று காலைத் தூக்கிக்கொண்டு தெருவில் போனவர்களுக்கெல்லாம் காட்டினான். வருடத்துக்கு இரண்டு முறை விருந்தாளியாக வந்து போயிருந்தால் அந்த நாள் எனக்குக் கிடைத்திருக்காது. இப்போது அவனுக்குப் பதினொன்று முடிந்துவிட்டது. நண்பர்கள், சைக்கிள் என்று அவனுடைய உலகம் பெரிதாகிவிட்டது. வருகிறான், பாசமாகத்தான் இருக்கிறான், ஆனால் வந்த வேகத்தில் போய்விடுகிறான். அது அப்படித்தான் இருக்கவேண்டும்.

மகளோடு ஒரே வீட்டில் இருக்கவேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. நடந்துபோகும் தூரத்தில் தனி வீடு. அவர்கள் சாவி நம்மிடமும் நம் சாவி அவர்களிடமும் இருக்கட்டும், ஆனால் மணி அடித்துவிட்டுத்தான் உள்ளே போகவேண்டும். எந்தெந்த நாள் குழந்தை நம் பொறுப்பு என்பதையும் முதல் மாதத்திலேயே உட்கார்ந்து பேசிவிடுங்கள். நாங்கள் பேசாமல் விட்டோம். வாரத்துக்கு ஒரு நாள் இரண்டானது, ஐந்தானது, அவர் தலைசுற்றி நின்ற வாரத்தில்கூட மகளிடம் முடியாது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கடைசியில் மருமகன்தான் கவனித்து, "அத்தை, செவ்வாயும் வியாழனும் மட்டும் போதும், மற்ற நாளுக்கு நாங்கள் ஏற்பாடு செய்துகொள்கிறோம்" என்றார். அவருக்கு நான் இன்றும் நன்றியோடு இருக்கிறேன். பெர்லினில் எழுபது தாண்டிய ஐந்நூறுக்கும் மேற்பட்டோரைப் பல வருடம் தொடர்ந்து கவனித்து, 2017-ல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். அவ்வப்போது பேரக்குழந்தைகளைப் பார்த்துக்கொண்டவர்கள், பார்த்துக்கொள்ளாதவர்களைவிடக் கூடுதல் காலம் வாழ்ந்திருக்கிறார்கள். முழுப்பொறுப்பையும் ஏற்று வளர்ப்பவர்கள் அந்தக் கணக்கில் இல்லை. அதைப் படித்தபோது எனக்குச் செவ்வாயும் வியாழனும்தான் ஞாபகம் வந்தன.

அப்புறம், தனிமை. இதை யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. குழந்தை பள்ளியில், மகள் வேலையில், மத்தியானம் தெருவில் ஒரு ஈ காக்கை இருக்காது. பழைய ஊரில் பக்கத்து வீட்டு அம்மா நான் இரண்டு முறை சேர்ந்தாற்போல் இருமினாலே வந்து எட்டிப்பார்ப்பார். அப்படி ஒருவர் கிடைக்க இருபது வருடம் ஆகியிருந்தது. ஹோம்ஸ், ராஹே என்ற இரண்டு மனநல மருத்துவர்கள் வாழ்க்கை மாற்றங்கள் மனத்தில் ஏற்றும் பாரத்தை 1967-ல் ஒரு பட்டியலாகப் போட்டார்கள். துணையை இழப்பதற்கு 100 புள்ளி, பணி ஓய்வுக்கு 45, வீடு மாறுவதற்கு 20, பழகும் வட்டம் மாறுவதற்கு 18. கடைசி மூன்றையும் நீங்கள் ஒரே வருடத்தில் தலையில் ஏற்றிக்கொள்ளப் போகிறீர்கள். முடிந்தால் ஓய்வு பெற்ற கையோடு கிளம்பாமல் சில மாதம் தள்ளிப் போங்கள். போன இடத்தில் பேரக்குழந்தையோடு சம்பந்தமில்லாத ஒரு காரியத்தை வைத்துக்கொள்ளுங்கள். என் வீட்டுக்காரர் நூலகத்தில் போய் உட்கார ஆரம்பித்தார், நான் அதிகாலையில் நடக்கும் பெண்களோடு சேர்ந்துகொண்டேன். அந்தப் பெண்களில் இரண்டு பேர் இன்று எனக்கு உடன்பிறந்தவர்கள் மாதிரி.

மகளையும் மருமகனையும் நேராக ஒன்று கேளுங்கள்: அடுத்த ஐந்து வருடம் அந்த ஊரில்தான் இருப்பார்களா? எங்கள் மருமகனுக்கு மூன்றாவது வருடம் மாற்றல் பேச்சு வந்தது. இரண்டு மாதம் நான் சரியாகத் தூங்கவில்லை. நல்லவேளை, நின்றுவிட்டது. போயிருந்தால் இந்த வயதில் அவர்கள் பின்னாலேயே இன்னொரு ஊருக்கு மூட்டை கட்டியிருக்க முடியுமா?

உங்களுக்குள் கேட்டுக்கொள்ளவேண்டியது ஒன்று உண்டு, எழுதக் கஷ்டமாகத்தான் இருக்கிறது. இருவரில் ஒருவர் முன்னால் போய்விட்டால், மற்றவர் அந்த ஊரில் தனியாக இருக்க முடியுமா? வண்டி ஓட்டத் தெரிந்தவர் ஒருவர்தானா? மருத்துவரிடமும் வங்கிக்கும் நடந்துபோக முடியுமா? நாங்கள் கீழ்த்தள வீட்டைத் தேர்ந்தெடுத்ததற்கு வெயிலைவிட இதுதான் பெரிய காரணம். ஓர் இரவு விளக்கை அணைத்துவிட்டு இருட்டில் பேசினோம், முகம் பார்த்துப் பேச இருவருக்குமே தைரியம் இல்லை. பேசி முடித்த பிறகு மனசு லேசாகியிருந்தது.

பழைய வீட்டை நாங்கள் மூன்றாவது வருடம்தான் விற்றோம், மாற்றல் பேச்சு அடங்கிய பிறகு. அதுவரை வாடகைக்கு விட்டிருந்தோம்.

உங்கள் பேத்திக்கு மூன்று வயதுதான் என்பதால் அவசரப்பட வேண்டாம், ரொம்பத் தள்ளியும் போடவேண்டாம். வரும் கோடைக்கே மகள் வீட்டுக்கு நடை தூரத்தில், கீழ்த்தளமாக, கிழக்கே படுக்கையறை உள்ள ஒரு வாடகை வீடு பார்க்கச் சொல்லுங்கள். வெயில் ஏறுவதற்குச் சில வாரம் முன்பே போய் இறங்கிவிடுங்கள், உடம்பு பழக நேரம் கிடைக்கும்.